உடம்பின் வயது 39 என்றால் என்ன? உயிரியல் வயதுக் கணக்கும் முதுமையைத் தள்ளிப்போடும் முயற்சிகளும்

பிறந்த வருடப்படி வயது 47, உடம்பின் வயது 39 என்று ஒருவர் தன் பரிசோதனை முடிவைப் பகிர்கிறார். இன்னொருவர் ஆறு மாதம் ஏதோ மாத்திரை சாப்பிட்டதில் ஐந்து வயது குறைந்துவிட்டது என்கிறார். வருடத்துக்கு 20 லட்சம் டாலர் வரை இதற்கே செலவழிப்பதாகச் சொல்லும் அமெரிக்கத் தொழிலதிபர் பிரையன் ஜான்சன், யார் மெதுவாக மூப்படைகிறார்கள் என்று பார்க்க ஒரு போட்டிப் பட்டியலே நடத்துகிறார். எச்சிலோ விரல் நுனி ரத்தமோ அனுப்பினால் ‘உண்மையான வயது’ வீடு தேடி வரும் என்ற விளம்பரங்களும் பெருகிவிட்டன.

இதன் பின்னால் அறிவியல் இருக்கிறது, நல்ல அறிவியல்தான். ஆயிரம் பேரை இன்னொரு ஆயிரம் பேரோடு ஒப்பிட ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான கருவி அது. அதை ஒரு தனி ஆளின் கையில் கொடுத்து, வரும் எண்ணை ஜாதகம் போல வாசிக்கச் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது, அது குறைந்தால் முதுமையும் குறைந்ததாக அர்த்தமா என்று வரிசையாகப் பார்ப்போம்.

இரண்டு வயதுகள்

பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது காலண்டர் வயது. உடம்பு எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல முயல்வது உயிரியல் வயது. ஒரே வகுப்பில் படித்தவர்கள் அறுபது வயதில் ஒன்றுகூடினால் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதே இல்லை. ஒருவர் மாடிப்படியில் பேசிக்கொண்டே ஏறுவார், இன்னொருவர் கைப்பிடியைப் பிடித்தபடி பாதியில் நின்று மூச்சு வாங்குவார்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் 38 வயதானபோது சிறுநீரகம், நுரையீரல், ஈறு, கொழுப்பு, நோய் எதிர்ப்பு எனப் பலவற்றை அளந்து உயிரியல் வயதைக் கணக்கிட்டார்கள். சிலருக்கு 30க்கும் கீழே வந்தது, சிலருக்கு 60ஐ ஒட்டி வந்தது.

இன்னொரு அடிப்படைத் தகவலும் வேண்டும். பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் காப்பீட்டுக் கணக்கர் 1825இல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பெரியவர்களுக்கு மரண வாய்ப்பு வயதோடு மெதுவாகக் கூடுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ எட்டு வருடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. இது தெரிந்துவிட்டால் ஆபத்தை வயதாக மாற்றிச் சொல்லலாம். 50 வயதுக்காரர் ஒருவரின் மரண வாய்ப்பு சராசரி 58 வயதுக்காரருடையதைப் போல இருந்தால் ‘உங்கள் உயிரியல் வயது 58’ என்று எழுதிவிடலாம். அறிக்கைகளில் வரும் வயது பெரும்பாலும் இப்படி மொழிபெயர்க்கப்பட்ட ஆபத்துக் கணக்குதான்.

டி.என்.ஏ.வில் எங்கே இருக்கிறது கடிகாரம்?

கல்லீரல் அணுவிலும் (செல்) தோல் அணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் அடையாளங்கள்தான் வேறு. அவற்றில் ஒன்று மெத்தில் என்ற சிறிய வேதிக்குழு. டி.என்.ஏ.வில் சி என்ற எழுத்தை அடுத்து ஜி வரும் இடங்களில் அது ஒட்டிக்கொள்ளும். மனித டி.என்.ஏ.வில் இப்படிப்பட்ட இடங்கள் ஏறத்தாழ 2.8 கோடி.

வயதாக ஆக சில இடங்களில் மெத்தில் கூடும், சில இடங்களில் உதிரும். ஒரு ரத்தத் துளியில் குறிப்பிட்ட ஒரு இடத்தில் எத்தனை சதவீத அணுக்களில் மெத்தில் ஒட்டியிருக்கிறது என்பதைச் சிப் ஒன்றின் மூலம் அளக்கலாம். ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தையும் வயதையும் கணினிக்குக் கொடுத்தால், வயதோடு ஒழுங்காக நகரும் இடங்களை அது பொறுக்கி எடுத்துச் சூத்திரம் ஒன்றைத் தந்துவிடும். இதைத்தான் எபிஜெனடிக் கடிகாரம் என்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் வெளியிட்ட கடிகாரம் 353 இடங்களை மட்டும் பார்க்கிறது. 51 வகைத் திசுக்கள், அணுக்களிலிருந்து எடுத்த சுமார் 8,000 மாதிரிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. ரத்தமோ மூளைத் திசுவோ எதைக் கொடுத்தாலும் வயதைச் சொல்லும். பாதிப் பேருக்குப் பிழை 3.6 வருடத்துக்குள் அடங்கியது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கடிகாரம் காலண்டர் வயதை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறதோ, அவ்வளவுக்கு மருத்துவத்தில் அதற்கு வேலை குறைவு. பிறந்த தேதியைத் தெரிந்துகொள்ள ஆதார் அட்டை போதும். அடையாளம் தெரியாத ரத்தக்கறை யாருடையது என்று தேடும் தடய அறிவியல்காரருக்கு அந்தத் துல்லியம் உதவும், நோயாளிக்கு உதவாது. இந்தக் குறை புரிந்த பிறகு கடிகாரங்கள் திசை மாறின.

1. முதல் தலைமுறை, காலண்டர் வயதை ஊகிப்பவை. ஹோர்வாத்தின் கடிகாரமும், ரத்தத்தில் 71 இடங்களைப் பார்க்கும் ஹானம் கடிகாரமும் இந்த வகை.

2. இரண்டாம் தலைமுறை, நோயையும் மரணத்தையும் ஊகிப்பவை. 2018இல் வந்த பீனோஏஜ் 513 இடங்களைப் பார்க்கிறது. 2019இல் வந்த கிரிம்ஏஜ், கையில் அரிவாளோடு வரும் ஐரோப்பிய மரண உருவத்தின் பெயரைத் தாங்கியது. நம்மவர்கள் உருவாக்கியிருந்தால் எமன் கடிகாரம் என்றே பெயர் வைத்திருப்பார்கள். ஒருவர் எவ்வளவு புகைத்திருப்பார் என்பதைக்கூட அவர் வாயைத் திறக்காமலே மெத்தில் தடத்திலிருந்து ஊகித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

3. மூன்றாம் தலைமுறை, வேகத்தை அளப்பவை. டனீடின் குழுவை 26, 32, 38, 45 வயதுகளில் அளந்து, 19 உடல் அளவீடுகள் எவ்வளவு வேகமாகச் சரிந்தன என்று பார்த்தார்கள். அந்த வேகத்தை 173 இடங்களிலிருந்து ஊகிப்பது டனீடின்பேஸ். மற்றவை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டர் என்றால், இது ஸ்பீடாமீட்டர். 1.0 என்றால் வருடத்துக்கு ஒரு வருடம், 0.9 என்றால் வருடத்துக்குச் சுமார் பதினோரு மாதம்.

ஒரே ரத்தத்தை இந்த மூன்று வகையிலும் போட்டால் மூன்று வெவ்வேறு பதில் வரலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. ‘உடம்பின் வயது 39’ என்று யாராவது சொன்னால் எந்தக் கடிகாரத்தின்படி என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

லேப் ரிப்போர்ட்டை வைத்தே ஒரு கணக்கு

டி.என்.ஏ. எதுவும் இல்லாமல், சாதாரண ரத்தப் பரிசோதனையை வைத்தும் உயிரியல் வயதைக் கணக்கிடும் ஒரு முறை உண்டு. பீனோஏஜ் கடிகாரத்துக்கே அடித்தளமாக இருந்தது அதுதான். காலண்டர் வயதோடு ஒன்பது வரிகள் போதும்: ஆல்புமின், கிரியாட்டினின், சர்க்கரை, சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுவது), லிம்போசைட் சதவீதம், எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு), ஆர்.டி.டபிள்யூ., ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், மொத்த வெள்ளையணு எண்ணிக்கை. அமெரிக்க மக்களின் பெரிய சுகாதாரக் கணக்கெடுப்பிலிருந்து உருவான சூத்திரம் இது. இணையத்தில் இலவசமாகவே கணக்குப் போட்டுத் தரும் பக்கங்கள் இருக்கின்றன.

அதில் ஆர்.டி.டபிள்யூ. என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிவப்பணுக்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவா, சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றனவா என்பதைச் சொல்லும் எண் அது. வயதானவர்களிடமும் நாள்பட்ட நோயாளிகளிடமும் கூடுகிறது, மரண வாய்ப்போடும் சேர்ந்து நகர்கிறது. அதனால் சூத்திரத்தில் அதற்குக் கனமான இடம்.

இப்போது இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள 40 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது, ஆக இது அபூர்வமான உதாரணம் இல்லை. இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறியவையாகவும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவிலும் உருவாகும். ஆர்.டி.டபிள்யூ. ஏறும், சூத்திரம் அவருக்கு வயதைக் கூட்டும். அணு சிறுத்ததால் எம்.சி.வி. இறங்கும். அதே சூத்திரம் அந்த வரிக்காகக் கொஞ்சம் வயதைக் குறைக்கும்! இரண்டையும் கூட்டிக் கழித்தால் பொதுவாக வயது கூடித்தான் நிற்கும்.

சரி, அவர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடத் தொடங்குகிறார். முதல் சில வாரங்களில் எலும்பு மஜ்ஜையிலிருந்து நல்ல அளவுள்ள புதிய அணுக்கள் வந்து பழைய சிறிய அணுக்களோடு கலக்கும். கலவை அதிகமாவதால் ஆர்.டி.டபிள்யூ. இன்னும் ஏறும். உடம்பு தேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அறிக்கை ‘மேலும் மூப்பு’ என்று சொல்லும். சில மாதம் கழித்துப் பழைய அணுக்கள் போய்விட்டால் எண் சட்டென்று இறங்கும், ‘பல வயது குறைந்தது’ என்று வரும். ரத்தசோகை தீர்ந்தது மிக நல்ல விஷயம். அவருடைய முதுமை பின்னோக்கி ஓடியதா என்றால், அதற்கு இந்தக் கணக்கில் சாட்சி எதுவும் இல்லை.

கிரியாட்டினின் இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். அது தசையிலிருந்து வருவது. படுக்கையில் கிடந்து தசை கரைந்துபோன முதியவருக்குக் கிரியாட்டினின் குறையும், சூத்திரம் அதை இளமைக் கணக்கில் எழுதிக்கொள்ளும். காய்ச்சல் விட்ட மறுநாள் ரத்தம் கொடுத்தால் சி.ஆர்.பி.யும் வெள்ளையணுவும் சேர்ந்து சில வயதைக் கூட்டிவிடும்.

எண் குறைந்தால் முதுமை குறைந்ததா?

டி.என்.ஏ. கடிகாரங்களும் இந்த ஆட்டத்துக்கு விலக்கில்லை. ஒரே ரத்த மாதிரியை இரண்டாகப் பிரித்து இரண்டு தடவை அளந்தபோது சில கடிகாரங்களில் ஒன்பது வருடம் வரை வித்தியாசம் வந்ததை 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. பிறகு இந்த அளவீட்டுத் தடுமாற்றத்தைக் குறைக்கும் முறைகள் வந்தன, ஆனால் விற்பனைக்கு வரும் எல்லாப் பரிசோதனைகளும் அவற்றைப் பயன்படுத்துவதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே ஆளின் எண் காலையிலும் நள்ளிரவிலும்கூட வேறுபடுகிறது. இடுப்பெலும்பு முறிந்து அவசர அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களுக்கு மறுநாள் உயிரியல் வயது ஏறியதையும், ஒரு வாரத்துக்குள் பழைய இடத்துக்குத் திரும்பியதையும் 2023இல் பதிவு செய்தார்கள்.

இதில் வியாபாரத்துக்கு வசதியான ஓட்டை ஒன்று இருக்கிறது. முதல் பரிசோதனையில் தற்செயலாக அதிக வயது வந்தவர்தான் பயந்துபோய் மாத்திரை வாங்குவார். எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த பரிசோதனையில் அவருடைய எண் சராசரியை நோக்கி இறங்கவே வாய்ப்பு அதிகம். பாராட்டு மாத்திரைக்குப் போய்விடும். மாத்திரை சாப்பிடாத ஒரு குழுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எந்த ‘வயது குறைந்தது’ கதையையும் ஒதுக்கி வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்தத் தடுமாற்றத்தை முழுக்க நீக்கிவிட்டாலும் இன்னும் ஆழமான கேள்வி ஒன்று பாக்கி. மெத்தில் மாற்றம் முதுமைக்குக் காரணமா, முதுமையின் அடையாளமா? நரை முதுமையின் அடையாளம். டை அடித்தால் நரை போகும், மூட்டு வலி போகாது. கடிகாரத்தின் சில இடங்கள் காரணமாகவும் பல இடங்கள் வெறும் நரையாகவும் இருக்கலாம். ஒரு மருந்து எதை மாற்றுகிறது என்பதை மொத்த எண் சொல்லாது.

அடையாளத்தைச் சரிசெய்து ஆளைப் பறிகொடுத்த கதை மருத்துவத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தில் தாறுமாறான கூடுதல் துடிப்புகள் உள்ளவர்கள் அதிகம் இறப்பது தெரிந்திருந்தது. அந்தத் துடிப்புகளை அடக்கும் மருந்துகளும் இருந்தன. கொடுத்தால் இ.சி.ஜி. அழகாக மாறியது. முறையான சோதனை செய்து 1989இல் முடிவு வந்தபோது, அந்த மருந்து சாப்பிட்டவர்கள் சாப்பிடாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இறந்திருந்தார்கள்.

முதுமையைத் தள்ளிப்போடுதல்: எது எங்கே நிற்கிறது

சுண்டெலி மூன்று வருடத்துக்குள் வாழ்ந்து முடிந்துவிடும், மருந்து கொடுத்துப் பார்த்துவிடலாம். மனிதருக்கு எண்பது வருடம் காத்திருக்க முடியாது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களுக்குக் கடிகாரம் தேவைப்படுகிறது. ஆனால் கடிகாரத்தை நம்பலாம் என்று நிரூபிக்க, அது குறைந்தவர்கள் நிஜமாகவே நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று காட்ட வேண்டும். அதற்கு மறுபடி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முட்டையா கோழியா என்ற இந்தச் சிக்கலை மனதில் வைத்துக்கொண்டு, பேசப்படும் வழிகளைப் பார்க்கலாம்.

1. குறைத்துச் சாப்பிடுதல். எலிகளுக்கு உணவைக் குறைத்தால் ஆயுள் நீள்வது 1935இலிருந்து தெரியும். மனிதரில் இதை ஒழுங்காகச் சோதித்தது அமெரிக்காவின் கேலரி ஆய்வு. உடல் பருமன் இல்லாத 220 பேர் இரண்டு வருடம் கலந்துகொண்டார்கள். 25% கலோரி குறைக்கச் சொன்னார்கள், முடிந்தது சுமார் 12%. டனீடின்பேஸ் கணக்கில் மூப்பின் வேகம் 2 முதல் 3% குறைந்தது. பீனோஏஜிலும் கிரிம்ஏஜிலும் குறிப்பிடும்படி மாற்றமே இல்லை. ஒரே ஆய்வு, ஒரே ரத்தம். ‘குறைத்துச் சாப்பிட்டால் மூப்பு குறையும்’ என்றும் தலைப்புப் போடலாம், ‘குறையாது’ என்றும் போடலாம்.

2. ஒமேகா-3. சுவிட்சர்லாந்தின் முதியவர்கள் 777 பேரிடம் மூன்று வருடம் நடந்த சோதனையின் கடிகார முடிவுகள் 2025இல் வெளிவந்தன. தினம் ஒரு கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்குச் சில கடிகாரங்களில் மூன்று, நான்கு மாத வித்தியாசம் வந்தது. மூன்று வருடத்துக்கு மூன்று, நான்கு மாதம். முறையான சோதனை இந்த அளவைத் தரும்போது, ஆறு மாதத்தில் ஐந்து வயது குறைத்ததாகச் சொல்பவரிடம் கூடுதலாக நான்கு கேள்வி கேட்கலாம்.

3. ராபமைசின். இதன் கதை தனி. 1964இல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனடா நாட்டுக் குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த பாக்டீரியா இதை உற்பத்தி செய்தது. அந்தத் தீவின் சொந்தப் பெயர் ராபா நூய், மருந்தின் பெயர் அதிலிருந்து வந்தது. மான்ட்ரியால் ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தெடுத்தவர் இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேந்திர நாத் சேகல். 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டபோது, அவர் பாக்டீரியாவைத் தன் வீட்டு ஃப்ரீசரில் ‘சாப்பிடாதீர்கள்’ என்று எழுதி வைத்துக் காப்பாற்றினார். 1999இல் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. 2009இல் மூன்று அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாகச் செய்த சோதனையில், பிறந்து 600 நாள் ஆன, அதாவது நம் கணக்கில் அறுபதை ஒட்டிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தும் அவற்றின் ஆயுள் நீண்டது. ஆணில் 9%, பெண்ணில் 14%. விலங்குகளில் இதைவிட வலுவான சான்று வேறு மருந்துக்குக் கிடைப்பது கடினம். ஆனால் மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து இது. வாய்ப்புண், தொற்று, கொழுப்பும் சர்க்கரையும் ஏறுதல் எல்லாம் வரும். பிரையன் ஜான்சனே சில வருடம் எடுத்துவிட்டு, இத்தகைய பக்கவிளைவுகளால் 2024இல் நிறுத்திவிட்டார்.

4. மெட்பார்மின். நம் வீடுகளில் சுகர் மாத்திரை என்றாலே பெரும்பாலும் இதுதான். இதைச் சாப்பிடும் நீரிழிவு நோயாளிகள் நீரிழிவு இல்லாதவர்களைவிடக் கூடுதல் நாள் வாழ்கிறார்கள் என்று 2014இல் வந்த பிரிட்டன் ஆய்வுதான் ஆசையைக் கிளப்பியது. 2022இல் டென்மார்க் தரவுகளை வைத்துப் பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. ராபமைசினைச் சோதித்த அதே எலித் திட்டத்திலும் மெட்பார்மின் சொல்லும்படி ஆயுளை நீட்டவில்லை. இன்னொரு சோதனையில், எடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்குத் தசை வளர்வதையே மட்டுப்படுத்தியது. 65 முதல் 79 வயதுவரை 3,000 பேரிடம் சோதிக்கும் டேம் என்ற திட்டத்தை முதுமை ஆராய்ச்சியாளர் நிர் பார்சிலாய் பல வருடமாக முன்வைத்து வருகிறார். காப்புரிமை காலாவதியான மலிவு மாத்திரை என்பதால் பணம் போட மருந்து நிறுவனம் கிடைக்கவில்லை. அதில் அளக்கப்போவது கடிகார வயதை அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், மறதிநோய், மரணம் ஆகியவை தள்ளிப்போகின்றனவா என்பதைத்தான். சர்க்கரை நோய்க்கு இது நல்ல மருந்து, அதில் சந்தேகமே வேண்டாம். சர்க்கரை இல்லாதவர் இளமைக்காக விழுங்குவதற்குச் சான்று போதாது.

5. அணுவைத் திரும்ப எழுதுதல். ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006இல் நான்கு மரபணுக் காரணிகளைச் செலுத்தி, வளர்ந்த அணுவைக் கருவணு நிலைக்கே கொண்டுபோனார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பயணத்தில் மெத்தில் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. முழுக்கப் போகவிட்டால் அணு தன் வேலையை மறந்து கட்டியாக வளரும், பாதியில் நிறுத்த வேண்டும். சுண்டெலிகளில் பார்வை நரம்பைச் சரிசெய்ததாக 2020இல் ஆய்வு வந்தது. இந்தப் பட்டியலில் கடிகாரத்தை வேரோடு தொடுவது இதுதான், அபாயமும் இதில்தான் அதிகம்.

இளைஞர்களின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொள்வது பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நிரூபணம் இல்லை, ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இலேயே எச்சரித்தது.

நம் உடம்புக்கு இந்த அளவுகோல் பொருந்துமா?

டனீடின் குழுவில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். பீனோஏஜ் சூத்திரம் அமெரிக்கர்களின் ரத்தத்தில் பிறந்தது. இந்தியர்கள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் அதே எடையுள்ள ஐரோப்பியரைவிடத் தசை குறைந்தும் கொழுப்பு கூடியும் இருப்பதைப் புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கின் ஆய்வுகள் காட்டின. சர்க்கரை நோயும் நமக்குப் பத்து வருடம் முன்கூட்டியே வந்து நிற்கிறது. ரத்தசோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று மேலே பார்த்தோம். வேறு மக்களின் சராசரியை வைத்துத் தைத்த சட்டை இது. எங்கே இறுக்குகிறது, எங்கே தொங்குகிறது என்று நம் மக்களிடமே அளந்தால்தான் தெரியும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ‘பாரத்’ என்ற பெயரில் இந்தியர்களின் மூப்பு அளவீடுகளைச் சேகரிக்கும் ஆய்வைத் தொடங்கியிருப்பது அதற்காகத்தான்.

அறிக்கை ஏற்கெனவே கையில் இருந்தால்

1. எந்தக் கடிகாரம் என்று பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். பெயரும் பிழை அளவும் இல்லாத அறிக்கையை மேற்கொண்டு வாசிக்கத் தேவையில்லை.

2. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை பார்த்திருந்தாலும் இடையில் காய்ச்சல், அறுவை சிகிச்சை, கர்ப்பம் இருந்ததா என்று யோசியுங்கள்.

3. கூட்டுத்தொகையைவிட வரிகள் முக்கியம். ரத்தப் பரிசோதனையை வைத்துப் போட்ட கணக்கு என்றால் எந்த வரி வயதை ஏற்றியது என்று தேடுங்கள். சர்க்கரை என்றால் அதற்கு மருத்துவம் இருக்கிறது, இரும்புச்சத்து என்றால் அதற்கும் இருக்கிறது. ‘வயது 52’ என்ற எண்ணுக்கு மருந்து எழுதித் தர எந்த மருத்துவராலும் முடியாது.

4. காசில்லாத அளவீடுகளும் உண்டு. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் கைப்பிடி வலுவை அளந்த பியூர் ஆய்வு, பிடி 5 கிலோ குறைந்தால் மரண வாய்ப்பு 16% கூடியிருந்ததை 2015இல் காட்டியது. பிரேசிலில் 51 முதல் 75 வயதுவரை 1,702 பேரைப் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். நிற்க முடியாதவர்களுக்கு அடுத்த ஏழு வருடத்தில் மரண வாய்ப்பு 84% அதிகமாக இருந்தது. இவையும் அடையாளங்களே. ஒற்றைக் காலில் நின்று பழகினால் ஆயுள் கூடும் என்று பொருள் இல்லை, ஆனால் தடுமாறுகிறவர் ஏன் என்று மருத்துவரிடம் கேட்கலாம். முயன்று பார்ப்பவர்கள் பக்கத்தில் ஒரு சுவரையோ, பிடித்துக்கொள்ள ஓர் ஆளையோ வைத்துக்கொண்டு நிற்கவும்.